கிருபாவதி சொல்லாமல் விட்ட பெயர்

சித்தூரிலிருந்து வேலூர் போகும் சாலையில், ஊர் முடிந்து மாந்தோப்புகள் தொடங்கும் இடத்தில் ஒரு காலனி இருக்கிறது. அங்கே பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை மிஷன் கோயிலுக்குப் போகிறவர்கள். மீதிப் பேர் கங்கம்மாவுக்குப் பொங்கல் வைக்கிறவர்கள். தண்ணீர் எடுப்பது ஒரே கிணற்றில்தான், கூலிக்குப் போவதும் ஒரே பண்ணைக்குத்தான். கிருபாவதி அந்தக் காலனிக்கு மருமகளாக வந்தவள். ஐந்தாவது வரைக்கும் மிஷன் பள்ளியில் படித்திருந்தாள். குரல் பெரிய குரல். வயலின் இந்தக் கோடியிலிருந்து அவள் பேசினால் அந்தக் கோடியில் நாற்று நடுகிறவளுக்குக் கேட்கும். அவள் புருஷன் தனராஜ் சித்தூர் வெல்ல மண்டியில் மூட்டை தூக்குகிறவன், அதிகம் பேசாதவன். அவளுக்கும் சேர்த்து அவன் அமைதியாக இருக்கிறான் என்று காலனியில் சிரிப்பார்கள்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு வேர்க்கடலை அறுவடை. சாயங்காலம் பெண்கள் வீடு திரும்பும்போது பண்ணைக் காரியக்காரன் களத்து வாசலில் நின்றுகொண்டு, ஒவ்வொருத்தியையும் மடியை அவிழ்த்து உதறிக் காட்டச் சொன்னான். யாராவது கடலையை மறைத்து எடுத்துப் போகிறார்களா என்று பார்க்கிறானாம். எல்லோரும் உதறிக் காட்டினார்கள். கிருபாவதியும் காட்டினாள். ஒரு கடலை கூட விழவில்லை. அதற்குப் பிறகு அவள் அந்தப் பண்ணைக்குள் கால் வைக்கவில்லை.

அந்த வருஷம்தான் வெல்ல மண்டிக்காரர் மகன் சம்பத் சாலை ஓரத்தில் மாங்கூழ் ஃபேக்டரி ஆரம்பித்திருந்தார். மாம்பழத்தை நறுக்கிக் கொட்டை எடுக்கப் பெண்கள் வேண்டும் என்று தனராஜ் மண்டியில் கேள்விப்பட்டு வந்து சொன்னான். மறுநாள் காலை கிருபாவதி தனியாக நடந்து போய் கேட்டில் நின்றாள். சம்பத் அப்போது சின்ன வயசு. தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவார்.

"ஒக்கத்தேவா? ஒருத்தி மட்டுமா வந்தே?"

"வேலை இருக்குதுன்னு சொல்லுங்க சார், நாளைக்கு இன்னும் பேரக் கூட்டிக்கினு வர்றேன்."

அவள் முதலில் போனது செல்லியம்மா வீட்டுக்கு. செல்லியம்மா எதிர்வரிசை. அவள் புருஷன் ரங்கையா பண்ணையில் மாடு பார்க்கிற வருஷக்கூலி. பொண்டாட்டி ஃபேக்டரிக்குப் போனால் அவன் வேலைக்கு உலை வைப்பார்கள் என்று செல்லியம்மாவுக்குப் பயம்.

"மாங்கா காலம் முடிஞ்சா இன்னாடி பண்ணுவ? திரும்பிப் போனா பண்ணையில சேத்துப்பாங்களா?"

"சேத்துக்காட்டி போவட்டும். மடிய உதறிக் காட்ற வேலைக்கு நான் போவ மாட்டேன். நீயும் போவாத செல்லி. எங்கூட வா. கஞ்சியோ கூழோ, ரெண்டு பேரும் ஒண்ணா துன்னுக்கலாம்."

செல்லியம்மா வந்தாள். அவள் வந்ததைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். கிருபாவதி பெரிய குரலில் கூப்பிட்டாள் என்பதை விட, பயந்த சுபாவமுள்ள செல்லியம்மாவே போகிறாள் என்பதுதான் பெண்களுக்குத் தைரியம் கொடுத்தது. ரங்கையாவைப் பண்ணையில் நிறுத்திவிட்டார்கள். அவன் கொஞ்ச நாள் திட்டிக்கொண்டே இருந்தான். பிறகு ஃபேக்டரியிலேயே பழக்கூடை இறக்கும் வேலை கிடைத்தது. திட்டுவது நின்றது.

வேலை சுலபமில்லை. நீளமான சிமெண்டு மேடைக்கு இரண்டு பக்கமும் பலகை போட்டு வரிசையாக உட்கார வேண்டும். பழம் கூடை கூடையாக வந்து விழும். காம்பைக் கிள்ளி, தோலைச் சீவி, சதையை வழித்துப் பேசினில் போட்டு, கொட்டையைப் பின்னால் தள்ள வேண்டும். பெங்களூரா பழம் என்றால் கை சீக்கிரம் ஓடும். நாரும் புளிப்புமாக வரும் பழங்கள் உயிரை வாங்கும். காம்பிலிருந்து வடியும் பால் பட்டு விரல் இடுக்கெல்லாம் வெந்துபோகும். அந்தப் புண்ணில் குழம்பு பட்டால் கண்ணில் தண்ணீர் வரும். அதனால் மத்தியானச் சாப்பாட்டில் யாருக்குப் புண் குறைவோ அவள் களியை உருட்டி மற்றவள் வாயில் போடுவாள். ஒரு சீசன் முழுக்க கிருபாவதிக்குச் செல்லியம்மா ஊட்டினாள். அடுத்த சீசனில் கிருபாவதி ஊட்டினாள்.

மாம்பழம் இல்லாத மாதங்களில் தக்காளியும் கொய்யாவும் வந்தன. இரண்டாம் வருஷத்திலேயே கிருபாவதியை மேஸ்திரி ஆக்கினார்கள். மேஸ்திரி என்றால் உட்கார்ந்து அதிகாரம் பண்ணுகிற வேலை அல்ல. அவளும் நறுக்க வேண்டும். யார் வந்தாள், யார் வரவில்லை, யாருக்கு உடம்பு சரியில்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வராதவளின் வேலையை மற்றவர்களுக்குப் பகிர்ந்து கொடுத்து முடித்துவிட்டு, அவளும் வந்ததாகவே கிருபாவதி சொல்லிவிடுவாள். சூப்பர்வைசர் கோவர்த்தனனுக்கு இது தெரியும். தெரியாத மாதிரி இருப்பார்.

இரண்டாவது தடவை கர்ப்பமாக இருந்தபோது கிருபாவதிக்கு மேடையிலேயே ரத்தம் போக ஆரம்பித்தது. டின் ஏற்றி வந்த லாரி வாசலில் நின்றிருந்தது. செல்லியம்மா அவளைத் தூக்கி அதில் படுக்க வைத்து, தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு சித்தூர் ஆஸ்பத்திரி வரைக்கும் போனாள். குழந்தை தங்கவில்லை. கிருபாவதி பிழைத்தாள். பத்து நாள் செல்லியம்மா இரண்டு வீட்டுக்கும் சமைத்தாள். மூத்தவள் ஜெயகுமாரியைத் தன் மகள் சுந்தரியோடு சேர்த்துக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பினாள். அதற்குப் பிறகு அந்த இரண்டு பெண் குழந்தைகளுக்கும் எது தன் வீடு என்று சரியாகத் தெரியாது. பசித்தால் எந்த வீட்டில் அடுப்பு எரிகிறதோ அங்கே போய் உட்காருவார்கள்.

அப்படிப் பன்னிரண்டு பதின்மூன்று வருஷம் ஓடியது. காலனியில் கூரை போய் ஓடு வந்தது. பெண்கள் புருஷனைக் கேட்காமல் புடவை எடுத்தார்கள். பண்ணைக்காரர் ஆள் கிடைக்காமல் முதலில் கோபப்பட்டார். பிறகு கணக்குப் பார்த்தார். நெல்லையும் கடலையையும் விட்டுவிட்டு நிலம் பூராவும் மாங்கன்று நட்டார். சுற்றுப்பட்டில் மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். பழம் வாங்க ஃபேக்டரி பக்கத்திலேயே இருக்கிறது, மாமரத்துக்கு நடவாளும் களையெடுக்கிறவளும் வேண்டாம். யாரும் அப்போது இதைப் பெரிதாக நினைக்கவில்லை.

எண்பத்திரண்டில் மெஷின் வந்தது. பம்பாயிலிருந்து மரப்பெட்டிகளில் வந்ததை ஒரு ஃபிட்டர் ஒரு வாரம் இருந்து பூட்டினான். பளபளவென்று எவர்சில்வர். ஒரு பக்கம் முழுப் பழத்தைக் கொட்டினால், உள்ளே ஏதோ சுற்றி, இன்னொரு பக்கம் கூழாக வரும். கொட்டையும் தோலும் கீழே தனியாக விழும். சம்பத் பூசாரியை அழைத்துத் தேங்காய் உடைத்தார். பிறகு, "கிருபம்மா, உன் கையால சுவிட்ச் போடு. நீதானே மொதல்ல வந்தவ" என்றார்.

கிருபாவதி மனசுக்குள் ஒரு ஜெபம் சொல்லிக்கொண்டு பச்சைப் பொத்தானை அழுத்தினாள். மெஷின் உறுமியது. பெண்கள் சுற்றி நின்று கைதட்டினார்கள். செல்லியம்மா தன் விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டு, "இனிமே நம்ம கையும் டீச்சரம்மா கையாட்டம் ஆவும்டி" என்றாள். அன்று எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள்.

அந்த வாரம் முழுக்கப் பாதி நேரம் பெண்கள் சும்மா நின்றுகொண்டிருந்தார்கள். சும்மா நிற்பது கிருபாவதிக்குப் பிடிக்கவில்லை. மேடையைக் கழுவச் சொன்னாள், மறுபடியும் கழுவச் சொன்னாள். சனிக்கிழமை சம்பத் அவளை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். கோவர்த்தனனும் இருந்தார். சம்பத் நாற்காலியைக் காட்டினார். அத்தனை வருஷத்தில் அவர் அவளை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"பழத்தக் கழுவறதுக்கும் பெல்ட்டுல அழுகினத எடுத்துப் போட்றதுக்கும் பன்னெண்டு பேர் போதும் கிருபம்மா. உன்னையும் சேத்து."

அவளுக்குப் புரியவில்லை. "மத்தவங்க?"

"நேனேம் சேசேதி. நான் இன்னா செய்யறது சொல்லு. பக்கத்து ஃபேக்டரிக்காரன் ரெண்டு பேரும் மெஷின் போட்டுட்டான். நான் கையால நறுக்கிக்கினு இருந்தா என் டின்ன எவன் வாங்குவான்?"

அவர் கொடுமைக்காரர் இல்லை. அதைச் சொல்லும்போது அவளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

"யார் யார் இருக்கணும்னு நீயே சொல்லிடு. ஒவ்வொரு வூட்டு நெலமையும் உனக்குத்தான் தெரியும். நாங்க சொன்னா தப்பாப் போவும்."

"நான் எப்படி சார் சொல்லுவேன்? எல்லாரையும் நான்தானே கூட்டிக்கினு வந்தேன்."

கோவர்த்தனன் மெதுவாகச் சொன்னார்: "நீங்க சொல்லலன்னா ஆள் பிடிக்கிற காண்ட்ராக்ட்காரர் வெளியூர்லருந்து பன்னெண்டு சின்னப் பொண்ணுங்கள எறக்கிடுவார்மா. அப்புறம் உங்க காலனியில ஒருத்தருக்கும் இல்ல."

திங்கட்கிழமை காலை சொல்ல வேண்டும். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

செய்தி அவளுக்கு முன்னால் காலனிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அவள் வீட்டு வாசலில் ஆட்கள். ஒருத்தி கோழியைக் கொண்டுவந்து கட்டினாள். கிருபாவதி அதை அவிழ்த்துத் திருப்பிக் கொடுத்தாள். ஒருத்தி அழுதாள். ஒருத்தியின் மாமியார் வந்து, என் மருமகள் பேர் வரவில்லை என்றால் உன் வீட்டு வாசலில் மண்ணெண்ணெய் ஊற்றிக்கொள்வேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். செல்லியம்மா மட்டும் வரவில்லை. அவள் தன் வீட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கிருபாவதியின் வாசலில் கூட்டம் என்பதால் ஜெயகுமாரிக்கும் அங்கேதான் அன்றைக்குச் சாப்பாடு.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உபதேசியார் பிரகாசம் அவளைக் கூப்பிட்டுப் பேசினார். வயதானவர், காலனிக்கு நல்லவர்.

"வேதத்துல அப்போஸ்தலர்களே சீட்டுப் போட்டுத்தான் ஆளை எடுத்தாங்க. நீயும் ஜெபம் பண்ணிட்டுச் சீட்டுப் போடும்மா. யாரும் உன்னக் குத்தம் சொல்ல முடியாது."

"யார் வூட்ல அடுப்பு எரியலன்னு சீட்டுக்குத் தெரியுமா ஐயா? சுந்தரம்மாவுக்குப் புருஷன் இல்ல, மூணு பசங்க. அவ பேரு வரலன்னா அந்தப் பசங்க இன்னா துன்னும்?"

"அப்போ நீயே பாரம் சொமக்கப் போறியா?"

"எனக்குத்தானே எல்லாரையும் தெரியும்."

அவள் பிறகு வாழ்நாள் பூராவும் அந்தச் சீட்டை நினைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று பகல் முழுக்க அவள் வீட்டுக்குள் உட்கார்ந்து யோசித்தாள். புருஷன் இல்லாதவர்கள் முதலில். பிறகு, புருஷன் படுத்த படுக்கையாக இருப்பவர்கள். பிறகு, பால் குடிக்கிற பிள்ளையோடு இருப்பவர்கள். ஜெயகுமாரி அந்த வருஷம்தான் ஃபேக்டரிக்கு வரத் தொடங்கியிருந்தாள். மகளை நிறுத்திவிட்டாள். அது அவளுக்குக் கஷ்டமாக இல்லை. கடைசியில் ஒரே ஒரு இடம் மிச்சம் இருந்தது. அந்த இடத்தில் செல்லியம்மாவை வைத்தால், கூட்டாளியைச் சேர்த்துக்கொண்டாள் என்று ஊர் பேசும். மற்ற எல்லாப் பெயரும் கெட்டுப்போகும். அதோடு ரங்கையா கூடை இறக்குகிறான், அந்த வீட்டில் ஒரு வருமானம் இருக்கிறது. இதையெல்லாம் விடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. மற்றவர்களில் யாரை விட்டாலும் சபிப்பார்கள். செல்லி புரிந்துகொள்வாள்.

தனராஜ் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்: "செல்லியம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டியா?"

"அவளுக்குச் சொல்லணுமா இன்னா?"

அவன் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தான்.

திங்கட்கிழமை எல்லோரும் வழக்கம்போல் ஒன்றாக நடந்து போனார்கள். செல்லியம்மா வழக்கம்போல் கிருபாவதியின் டிபன் கேரியரையும் தானே தூக்கிக்கொண்டு வந்தாள். கேட்டில் கோவர்த்தனன் நின்றார். கிருபாவதி அவர் பக்கத்தில் போய் நின்று பெயர்களைச் சொன்னாள். வயலுக்கு அந்தப் பக்கம் கேட்கும் அவள் குரல் அன்றைக்கு முன்வரிசைக்குக் கூடச் சரியாகக் கேட்கவில்லை. கோவர்த்தனன் ஒவ்வொரு பெயரையும் திருப்பிச் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. பெயர் வந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்கள். கடைசிப் பெயரைச் சொல்லி நிறுத்தினாள்.

செல்லியம்மா முன்வரிசையில்தான் நின்றிருந்தாள். இன்னும் ஒரு பெயர் வரும் என்பது போல் கொஞ்ச நேரம் கிருபாவதியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கிட்டே வந்து அவள் டிபன் கேரியரை அவள் கையில் கொடுத்தாள். தன்னுடையதை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.

அன்று சாயங்காலம் கிருபாவதி அவள் வீட்டுக்குப் போனாள். செல்லியம்மா வாசலில் உட்கார்ந்து சுந்தரிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"செல்லி, நீ புரிஞ்சுக்குவேன்னு நெனச்சேன்டி."

செல்லியம்மா சடையை முடித்து ரிப்பன் கட்டினாள். மகளை உள்ளே போகச் சொன்னாள்.

"புரியுதுடி. சுந்தரம்மாவுக்குப் பசங்க இருக்குது. எல்லாம் புரியுது. நேத்து முழுக்க நீ வருவேன்னு பாத்துக்கினு இருந்தேன். வந்து, செல்லி, உன் பேரச் சொல்ல மாட்டேன், இன்னா சொல்றேன்னு கேட்டிருந்தா நானே வேணாம்னு சொல்லியிருப்பேன். அத்தினி பேரு முன்னால நிக்கவே நிக்காம வூட்லயே இருந்திருப்பேன். நீ கேக்கலியே."

"தப்புதான்."

"கேக்கணும்னு கூடத் தோணல உனக்கு."

கிருபாவதி அங்கேயே நின்றாள். உட்காரச் சொல்லவில்லை என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது.

வேலை போனவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. பழைய பண்ணை பூராவும் மாமரம். தோட்டத்துக்குக் காவலாள் ஒருத்தன் போதும். சிலர் பெங்களூருக்குச் சித்தாள் வேலைக்குப் போனார்கள். சிலர் குப்பம் பக்கம், ராமகுப்பத்தில் பட்டுப்பூச்சிக்கு மல்பெரி இலை பறிக்கப் போய், தோதுப்படாமல் திரும்பி வந்தார்கள். ஃபேக்டரியில் கூடை இறக்குவதற்கும் கன்வேயர் வைத்தபோது ரங்கையாவுக்கும் வேலை போயிற்று. அந்த ஆடியில் செல்லியம்மா குடும்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டு திருப்பதிக்குப் போய்விட்டது. அங்கே புதுப் புதுச் சத்திரங்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள், மண் சுமக்க ஆள் தேவைப்பட்டது. போகும்போது கிருபாவதியிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை. ஜெயகுமாரிதான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பாத்திர மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டு வந்து அழுதாள்.

காலனியில் கிருபாவதியிடம் யாரும் சண்டை போடவில்லை. கோயிலில் அவள் உட்காரும் பாயில் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. கிணற்றடியில் அவள் போனால் பேச்சு நிற்கும். பெயர் வந்த பதினோரு பேரும் கூட அவளிடம் ஒட்டவில்லை. அவர்களும் மற்றவர்கள் முகத்தில் விழிக்க வேண்டுமே. சுந்தரம்மா ஒருத்திதான் எப்போதாவது, "நீ இல்லன்னா என் பசங்க செத்திருக்கும் அக்கா" என்பாள். அதைக் கேட்கும்போது கிருபாவதிக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் அந்த ஆறுதல் வீடு வந்து சேரும் வரைக்கும்தான்.

அடுத்த சீசன் முடிந்ததும் அவள் திருப்பதிக்குப் பஸ் ஏறினாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மூன்று மாடி எழும்பிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தில் செல்லியம்மா மணல் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஏணியில் ஏறுவதைக் கீழேயிருந்து பார்த்தாள். கறுத்து, கழுத்து எலும்பு தெரிந்தது. இறங்கி வந்தவள் கிருபாவதியைப் பார்த்ததும் சட்டியை ஓரமாக வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வாங்க மேஸ்திரியம்மா. நல்லா இருக்கீங்களா?"

கிருபாவதிக்கு முதலில் அவள் விளையாடுகிறாள் என்று தோன்றியது.

"இன்னாடி செல்லி, என்னப் போய் வாங்க போங்கன்னு."

"பெரியவங்க. அப்படித்தானே கூப்புடணும்."

அவள் முகத்தில் கோபம் இல்லை. விருந்தாளிக்குக் காட்டுகிற மரியாதைதான் இருந்தது. பக்கத்துக் கடையில் டீ வாங்கி வந்து கொடுத்தாள். கிருபாவதி எவ்வளவு சொல்லியும் தான் குடிக்கவில்லை. ஜெயகுமாரியை விசாரித்தாள், தனராஜின் முதுகு வலியை விசாரித்தாள். கிருபாவதி கொண்டுவந்திருந்த முறுக்குப் பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "எதுக்குங்க இதெல்லாம்" என்றாள். மேஸ்திரி ஒருவன் மேலேயிருந்து சத்தம் போட்டான். "வேலை இருக்குதுங்க. பாத்துப் போய் வாங்க" என்று சொல்லிவிட்டுச் சட்டியை எடுத்துக்கொண்டாள்.

கிருபாவதி சித்தூர் பஸ்ஸில் உட்கார்ந்து வழி முழுக்க அழுதாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவள் 'போடி' என்று திட்டியிருந்தால் போதும் என்று ஜெயகுமாரியிடம் பிறகு சொன்னாள்.

இரண்டு வருஷம் கழித்துச் செல்லியம்மா இறந்துபோனாள். சிமெண்டுத் தூசியில் இருமல் வந்து, அது நெஞ்சைப் பிடித்து, வேலைக்குப் போகாமல் ஒரு மாதம் கிடந்து போய்விட்டாள். சேதி காலனிக்கு வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. கிருபாவதி உடனே கிளம்பிப் போனாள். ஒரு தகர ஷெட்டில் ரங்கையா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்து எழுந்திருக்கப் பார்த்தான். முடியவில்லை. சுந்தரி அப்போது வளர்ந்த பெண். அம்மாவின் புடவையைக் கட்டியிருந்தாள்.

கிருபாவதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கேட்க வேண்டாம் என்றுதான் வந்தாள், ஆனாலும் கேட்டுவிட்டாள்.

"என்னப் பத்தி எதுனா சொன்னாளா கண்ணு?"

சுந்தரி யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாத பெண்.

"இல்ல பெரிம்மா. ஒண்ணும் சொல்லல."

"திட்டினா கூடப் பரவால்ல. சொல்லு."

"திட்டவும் இல்ல. உங்க பேச்சே எடுக்காது. நான் எடுத்தாக்கூட வேற பேச்சுக்குப் போயிடும்."

கிருபாவதி அன்று சுந்தரிக்கும் ரங்கையாவுக்கும் சமைத்து வைத்தாள். எங்களோடு வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டாள். ரங்கையா தலையாட்டி மறுத்தான். "அவ இங்கதான் படுத்துக்கினு இருக்கறா. நான் எங்க வர்றது" என்றான்.

எண்பத்தாறில் ஃபேக்டரிக்கு இன்னொரு மெஷின் வந்தது. பழத்தைத் தானே கழுவித் தானே பெல்ட்டில் ஏற்றிவிடும். சம்பத் மறுபடியும் அவளைக் கூப்பிட்டார். அவருக்குத் தலை நரைத்திருந்தது. இந்தத் தடவையும் நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

"அஞ்சு பேர் போதும் கிருபம்மா. போன தடவ மாதிரியே நீயே சொல்லிடு. அன்னைக்கு எவ்ளோ நியாயமா செஞ்சே."

"மொதல்ல என் பேர எடுத்துடுங்க சார்."

"அது இன்னாத்துக்கு? நீ இருக்கணும். உன்னோட சேத்துத்தான் அஞ்சு."

"மத்தவங்கள நான் சொல்ல மாட்டேன். சீட்டுப் போடுங்க, இல்ல கண்ண மூடிக்கினு விரல வையுங்க. தெரிஞ்சவங்க வாயால மட்டும் சொல்ல வைக்காதீங்க."

அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் தன் பழைய கத்தியைக் கழுவிக் கோவர்த்தனனிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். அதனால் யாருக்கும் ஒரு நல்லதும் நடக்கவில்லை. காண்ட்ராக்ட்காரர் வெளியூரிலிருந்து ஐந்து சின்னப் பெண்களைக் கொண்டுவந்தார். காலனியிலிருந்து மிச்சமிருந்த அத்தனை பேரும் வீட்டுக்கு வந்தார்கள். சுந்தரம்மா கிருபாவதி வாசலில் நின்று, "நீ நாலு பேரையாவது காப்பாத்தியிருக்கலாம்" என்று கேட்டாள்.

பிறகு அவள் சித்தூரில் இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். ஜெயகுமாரியை வேலூரில் கட்டிக்கொடுத்தார்கள். ஒருமுறை பிறந்தகம் வந்திருந்தபோது மகள் கேட்டாள்: "அந்த மெஷினப் பாத்தாலே உனக்கு எரிச்சலா இருக்கும் இல்லம்மா?"

"மெஷின் மேல எனக்கு இன்னாடி கோவம்? அதுக்கு அவங்க யாரையும் தெரியாது. எனக்குத் தெரியும்."

தனராஜ் கட்டிலில் படுத்திருந்தவன் இதைக் கேட்டு எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவ்வளவுதான். ஆறுதல் சொல்ல அவனுக்கு ஒருபோதும் வராது.

எண்பத்தொன்பதில் ஜெயகுமாரிக்குத் தலைப்பிரசவம். கிருபாவதி வேலூர் போகப் பையோடு சித்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தபோது, ஒரு கார் வந்து ஓரமாக நின்றது. சம்பத் இறங்கி வந்தார். பழைய மனுஷியைப் பார்த்ததில் அவருக்கு உண்மையாகவே சந்தோஷம். உடம்பு எப்படி, மகள் எப்படி என்று விசாரித்தார். பையில் என்ன என்று கேட்டார். குழந்தைக்குப் பழந்துணி என்றாள். அவர் சட்டைப் பையில் கையை விட்டார். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். வற்புறுத்தாமல் கையை எடுத்துக்கொண்டார். ஃபேக்டரியைப் பற்றி அவள் கேட்காமலே சொல்லிக்கொண்டு போனார்.

"இப்ப ஜெர்மனியில ஒரு மெஷின் வந்திருக்குதாம் கிருபம்மா. அழுகின பழத்தக் கூட அதுவே பாத்து எடுத்துப் போட்டுடுமாம். கண்ணு வெச்ச மாதிரி. அத வாங்கிட்டோம்னா பெல்ட்டுல ஒருத்தரும் நிக்க வேணாம்."

"ஒருத்தரும் வேணாமா?"

"ஒக்கரு கூட வேணாம்."

அவள் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு, நல்ல சேதியைச் சரிபார்க்கிறவள் போலக் கேட்டாள்:

"அப்போ யார் பேர வைக்கறது, யார் பேர எடுக்கறதுன்னு யாரையும் கூப்ட்டுக் கேக்க மாட்டீங்க, இல்லீங்களா சார்?"

சம்பத்துக்கு அது விளங்கவில்லை. "கேக்கறதுக்கு இன்னா இருக்குது?" என்றார். அதற்குள் வேலூர் பஸ் வந்துவிட்டது. கூட்டம் முண்டியது. கிருபாவதி பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறி, ஜன்னல் ஓரத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தாள். மகள் வீட்டுக்கு இருட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டும்.